இரவல் அலமாரி: ஐந்து மணிக்கு எழாதவர்களுக்கு

(கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா, வாசகர்களின் புத்தகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழில் சுயமுன்னேற்ற நூல்கள் பற்றி வந்த கடிதங்கள்.)

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை) இருக்கிறேன். வயது 24. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறும், 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று படித்தேன். பல முறை முயன்றும் பத்து நாளைத் தாண்டியதில்லை. எனக்கு மன உறுதியே கிடையாதா அக்கா?

தம்பி, முதலில் அந்த 21 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். மூக்கையோ முகத்தையோ சீர்செய்துகொண்டவர்கள், கண்ணாடியில் தெரியும் புது முகத்தைத் தன் முகமாக ஏற்றுக்கொள்ளக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று கவனித்து, 1960இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். அதில் நடைப்பயிற்சியும் இல்லை, அலாரமும் இல்லை. பிறகு வந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதில் ‘குறைந்தது’ எங்கேயோ உதிர்ந்துபோனது, மூக்கும் மறைந்தது, 21 மட்டும் நின்றது.

உண்மையிலேயே எத்தனை நாள் ஆகிறது என்று லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஆளுக்கு ஒரு சின்ன வேலை. மதியச் சாப்பாட்டோடு ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பது, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓடுவது, அந்த மாதிரி. பழக்கம் கையில் படிய எடுத்தது சராசரியாக 66 நாள். ஆனால் அந்தச் சராசரியை நம்பி இன்னொரு தவணை போட்டுக்கொள்ள வேண்டாம். ஒருவருக்கு 18 நாளில் படிந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது இந்த வரிதான். பதினோராம் நாள் எழவில்லை என்றால் பன்னிரண்டாம் நாள் எழலாம். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தேவையில்லை.

அப்புறம், உங்கள் வேலை. என் அண்ணன் மகனும் அதே தொழில்தான். ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரி பதினொரு மணிக்குச் சரக்கு வாங்கும் பையரிடமிருந்து மெயில் வரும், அதற்கு உடனே பதில் போக வேண்டும், காலையில் இன்ஸ்பெக்‌ஷன். நடுராத்திரி தாண்டிப் படுப்பவர் ஐந்து மணிக்கு எழுந்தால் மாறப்போவது வாழ்க்கை இல்லை, உடம்பு. ஐந்து மணி விதி எழுதியவருக்கு ஒன்பது மணிக்குப் படுக்க முடிந்திருக்கும்.

எங்கள் நூலகத்தில் இந்த வகைப் புத்தகம் திரும்பி வந்தால் நான் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பேன். முதல் இரண்டு அத்தியாயத்தில் பென்சில் கோடு அடைமழையாக இருக்கும். மூன்றாவதில் தூறல். அதற்குப் பிறகு ஒரு பக்கமும் அழுக்காகியிருக்காது. ஒரு புத்தகத்தின் ஓரத்தில் யாரோ ‘நாளை முதல்’ என்று எழுதியிருந்தார், தேதி போட்டு. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், வேறு மை: ‘நானும்.’ (நூலகப் புத்தகத்தில் எழுதுவது தப்பு. ஆனாலும் அதை நான் அழிக்கவில்லை.) ஆக, நீங்கள் தனியாள் இல்லை.

படித்தே ஆக வேண்டும் என்றால், அமெரிக்க அரசியல் தலைவரும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் பிராங்க்ளின் சுயசரிதையைப் படியுங்கள். இந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் தாத்தா மாதிரி அது. வாலிபத்தில் அவர் 13 நல்ல குணங்களைப் பட்டியல் போட்டு, ஒரு சின்ன நோட்டில் சிவப்பு மையால் கட்டம் கட்டினார். வாரத்துக்கு ஒரு குணம். தவறிய அன்று கட்டத்தில் கறுப்புப் புள்ளி. 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. புதுச் சுற்று தொடங்கும்போது பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுப்பார். சுரண்டிச் சுரண்டி நோட்டில் ஓட்டை விழுந்துவிட்டது! கடைசியில் கட்டங்களைத் தந்தத் தகடுகளுக்கு மாற்றினார். அதில் பென்சில் புள்ளியை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். இதையெல்லாம் 79ஆவது வயதில் உட்கார்ந்து எழுதுகிறார். பொருளை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் தனக்குக் கடைசி வரை வரவே இல்லை என்பதையும் மறைக்காமல் சேர்த்துத்தான். ஆனால் முயன்றதால் முன்பைவிட நல்லவனாக, சந்தோஷமாக இருந்தேன் என்கிறார். தந்தத் தகடெல்லாம் நமக்கு வேண்டாம். பத்து நாள் எழுந்தீர்கள் இல்லையா, அந்தப் பத்து நாளில் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதி அனுப்புங்கள், மேலே பேசுவோம்.

வருடத்துக்கு 50 புத்தகம் படிக்கத் தீர்மானித்திருக்கிறேன். வழி சொல்லுங்கள். — கல்லூரி மாணவர், விருதுநகர்

ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுங்கள்.

வெளிநாட்டு நூல் ஒன்றில் ஒரு சோதனை படித்தேன். குழந்தை முன் ஒரு மிட்டாய் வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்ல வேண்டும். காத்திருக்கும் பிள்ளைகள்தான் பிற்காலத்தில் நன்றாக வருவார்களாம். ஐந்து வயது மகனுக்குக் கடலை மிட்டாய் வைத்துப் பார்த்தேன். நான் அடுப்படிக்குத் திரும்புவதற்குள் தின்றுவிட்டான். கவலையாக இருக்கிறது. — ஒரு தாய், கோவில்பட்டி

கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலை மிட்டாயை முன்னால் வைத்துக் காத்திரு என்றால், அம்மா, நானே காத்திருக்க மாட்டேன்.

அந்தச் சோதனையைச் செய்தவர் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர். அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்தார். பெரும்பாலும் பேராசிரியர் வீட்டு, படித்தவர் வீட்டுப் பிள்ளைகள். 2018இல் வேறு ஆய்வாளர்கள் பலவகைக் குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். காத்திருப்பதற்கும் பிற்காலப் படிப்புக்கும் உள்ள தொடர்பு முன்பு சொன்னதில் பாதி அளவுதான் இருந்தது. குடும்ப நிலைமையையும் கணக்கில் சேர்த்தபோது அதுவும் பெரும்பாலும் கரைந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது இன்னொரு சோதனை. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளை வைத்துச் செய்தது, 2013இல் வெளியானது. மிட்டாயை வைப்பதற்கு முன்பே குழந்தைகளிடம், ‘இந்தப் பழைய கிரேயான் வேண்டாம், கொஞ்சம் பொறு, நல்லதாக எடுத்து வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி நல்ல கிரேயான் வந்தது. மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, ‘மன்னித்துக்கொள், இல்லையாம்’ என்றார்கள். அதற்குப் பிறகுதான் மிட்டாய். சொன்னது கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்றே நிமிடம். பிள்ளைகள் கணக்குத் தெரிந்தவர்கள். சொன்னதைச் செய்யாத பெரியவரை நம்பி யார் கையிலிருப்பதை விடுவார்கள்?

அதனால் மகனைச் சோதிப்பதை நிறுத்திவிட்டு வீட்டில் நிலுவையில் இருப்பதைப் பாருங்கள். திருவிழாவில் வாங்கித் தருவதாகச் சொன்ன பொம்மை வந்ததா? ‘ஞாயிற்றுக்கிழமை கட்டாயம்’ என்று அப்பா சொன்ன பூங்கா? அல்லது அன்றைக்கு அவனுக்கு வெறும் பசியாகக்கூட இருந்திருக்கலாம்.

திருக்குறள் இருக்க, இந்த இறக்குமதிச் சரக்கெல்லாம் எதற்கு? அதிலும் ஒரு நூல் ‘எல்லாம் உன் கையில்’ என்கிறது, இன்னொன்று ‘வருவதை ஏற்றுக்கொள்’ என்கிறது. பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். — ஓய்வு பெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ஐயா, எல்லாமே இறக்குமதி இல்லை. அப்துற் றஹீம் புத்தகங்களைப் படித்துத் தெம்பு பெற்ற ஒரு தலைமுறை நம் ஊரிலேயே உண்டு. அடுத்து எம்.எஸ். உதயமூர்த்தி. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு வந்து, ‘எண்ணங்கள்’ எழுதி, மக்கள் சக்தி இயக்கம் நடத்தினார். 1988இல் பாலசந்தர் எடுத்த ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தின் கதாநாயகனுக்கே உதயமூர்த்தி என்றுதான் பெயர்.

முரண்பாடு என்கிறீர்களே, அது வள்ளுவரிடமும் இருக்கிறதே? ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று 380ஆம் குறளில் கேட்கிறார். விதியைவிட வலியது எது, நாம் வேறு வழி பார்த்தாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்கிறார். அதே மனிதர் 620ஆம் குறளில் ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்கிறார், சோர்வில்லாமல் உழைப்பவர்கள் விதியையே புறமுதுகு காட்ட வைப்பார்களாம். முதலாவது இருப்பது ஊழ் அதிகாரத்தில், மற்றது ஆள்வினையுடைமையில். இரண்டையும் நீங்களே வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். பரீட்சைக்குப் போகும் பையனிடம் 380ஐச் சொல்ல மாட்டீர்கள். எல்லாம் செய்து பார்த்தும் கடை நொடித்துப் போனவரிடம் போய் 620ஐச் சொன்னால், உழைக்காததால்தான் போயிற்று என்று குத்திக்காட்டுவதாக இருக்கும்.

இன்றைய நூல்களில் எனக்குள்ள குறை வேறு. பலவற்றில் எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரைதான். யாருக்கு, எப்போது என்று சீட்டில் எழுதியிருப்பதில்லை. அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல உங்களை மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர்கள் எந்தப் புத்தகத்தையும் படிக்கட்டும் ஐயா.

என் கணவர் சுயமுன்னேற்றப் புத்தகமாகப் படித்துத் தள்ளுகிறார். படித்துவிட்டு என்னைத் திருத்துகிறார். சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றால், ‘நெகட்டிவாகப் பேசாதே’ என்கிறார். என்ன செய்வது? — இல்லத்தரசி, சேலம்

சிரித்துவிட்டேன் தங்கச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேலே பிராங்க்ளினின் 13 குணங்களைச் சொன்னேன் அல்லவா? அவர் முதலில் போட்டது 12தான். க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அவரிடம், ‘உன்னை எல்லோரும் கர்வம் பிடித்தவன் என்கிறார்கள். பேச்சில் நீ சொன்னது சரி என்பதோடு நிற்காமல், எதிராளியை அமுக்கிவிடுகிறாய்’ என்று உதாரணத்தோடு எடுத்துச் சொன்னார். பிராங்க்ளின் மறுக்கவில்லை. ‘பணிவு’ என்று பதின்மூன்றாவதைச் சேர்த்துக்கொண்டார். தன் குறைகளில் தனக்கே தெரியாத ஒன்று, கூடப் பழகுகிறவர் கண்ணில் பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த நண்பர் நீங்கள்தான். அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்துவிட்டு, அவருக்கு வேண்டிய 13ஆவதைச் சொல்லுங்கள். ஒன்று போதும், பட்டியல் வேண்டாம். அவரும் மனிதர்தானே.

சிலிண்டர் பதிவு செய்யும் எண்ணையும் அன்றைக்கே அவர் போனில் ஏற்றிவிடுங்கள்.