இரண்டு மார்பகமும் ஒரே அளவில் இல்லை: எந்த ‘லிஃப்ட்’ எனக்குச் சரி?

கேள்வி: எனக்கு 34 வயது. சின்னவனுக்குத் தாய்ப்பால் நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. இடது மார்பகம் வலதைவிடப் பெரிதாகி, நன்றாகத் தொங்கிவிட்டது. இதைத் தூக்கி வைக்கும் ‘லிஃப்ட்’ ஆபரேஷனுக்கு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் மட்டும் வெட்டினால் போதும் என்கிறார். இன்னொருவர், நங்கூரம் போன்ற தழும்பு வரும் என்கிறார். தழும்பு குறைவான முறையையே தேர்ந்தெடுக்கலாமா? இடது பக்கம் மட்டும் செய்தால் போதுமா?

பதில்: தழும்பைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எதனால் என்று தெரிய வேண்டும். ஒன்றில் சதை அதிகமா, தோல் தளர்ந்துவிட்டதா, காம்பு கீழே இறங்கிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பால் கொடுத்த பிறகு பெரும்பாலும் மூன்றும் கலந்தே இருக்கும்.

கண்ணாடி முன் நேராக நின்று, மார்பகத்துக்கு அடியில் உள்ள மடிப்பில் ஒரு விரலை வையுங்கள். காம்பு விரலின் உயரத்திலேயே இருந்தால் லேசான தொய்வு. அதற்குக் கீழே போயிருந்தால் நடுத்தரம். மார்பகத்தின் அடிநுனிக்கே வந்து தரையைப் பார்த்தபடி இருந்தால் அதிகத் தொய்வு. டாக்டர், கழுத்தடிப் பள்ளத்திலிருந்து காம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்திருப்பார். அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.

கருவட்டத்தைச் சுற்றி வெட்டும் முறையில் காம்பை ஓரிரு சென்டிமீட்டர்தான் உயர்த்த முடியும். லேசான தொய்வுக்கு அது நல்ல முறை. அதற்கு மேல் இழுத்தால் கருவட்டம் நாளடைவில் அகலும், ஓரம் சுருக்குப்பை போலச் சுருங்கும், மார்பகம் முன்பக்கம் தட்டையாகிவிடும். நடுத்தரத் தொய்வுக்கு, கருவட்டத்திலிருந்து கீழ் மடிப்பு வரை நேர்கோடாக இன்னொரு வெட்டு வேண்டும். தோலும் மிக அதிகமாக இருந்தால் மடிப்போரமாகவும் ஒரு வெட்டு சேரும். உங்கள் இரண்டாவது டாக்டர் சொன்ன நங்கூரம் இதுதான். ‘நன்றாகத் தொங்கிவிட்டது’ என்று நீங்களே எழுதியிருப்பதால், நேரில் பார்க்காமலே எனக்கு அவர் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது.

அடுத்தது ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்ற கேள்வி. இடதில் சதை அதிகம் என்பதால், தூக்கி வைத்தால் மட்டும் போதாது. கொஞ்சம் சதையையும் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், பயப்பட வேண்டாம். வலதிலும் தொய்வு இருந்தால் அங்கேயும் சிறிய லிஃப்ட் செய்துகொள்வது நல்லது. இல்லையென்றால் உயர்த்திய பக்கம் ஒரு மாதிரியும் தொடாத பக்கம் வேறு மாதிரியும் தளரும். சில வருடங்களில் வித்தியாசம் மறுபடி தெரியும். சிறிய பக்கத்தில் இம்ப்ளான்ட் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) வைத்துச் சமன் செய்யலாம் என்று யாராவது சொன்னால், அது ஆயுளுக்கும் இருக்கும் பொருள் இல்லை, பின்னால் மாற்ற நேரலாம் என்பதையும் யோசியுங்கள். வயிற்றுக் கொழுப்பை எடுத்து நிரப்பலாம். அதில் ஒரு பகுதி உடலில் கரைந்துபோகும்.

எதைச் செய்தாலும் அச்சில் வார்த்ததுபோல இரண்டும் ஒன்றாகாது. ஆடைக்குள் தெரியாத அளவுக்கு நெருங்கிவந்தால் அதுவே நல்ல பலன். காம்பில் உணர்ச்சி குறையலாம், அபூர்வமாக முற்றிலும் போகலாம். நம் நிறத் தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு கூடுதல். காது குத்திய இடத்திலோ சிசேரியன் தையலிலோ உங்களுக்குக் கெலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு) வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தழும்பு மங்க ஒரு வருடம்கூட ஆகும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெரிதானது பால் கொடுத்த காலத்தில்தானா, அல்லது சமீபத்திலா? சமீபத்தில் என்றால், அல்லது கட்டி, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு ஏதாவது இருந்தால், அழகு சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு உடனே மார்பக மருத்துவரைப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் ஆபரேஷனுக்கு முன் அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்வது நல்லது.

பால் நின்று எட்டு மாதம் ஆனதால் மார்பகம் அநேகமாக நிலைக்கு வந்திருக்கும். எடையும் சில மாதங்களாக ஒரே அளவில் இருக்கிறதா? இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். மறுபடி கர்ப்பமானால் தோல் மறுபடி தளரும், பால் கொடுப்பதும் சிரமமாகலாம். அப்புறம், சின்னவனைத் தூக்காமல் சில வாரங்கள் இருக்க வேண்டும். வீட்டில் கைகொடுக்க ஆள் இருக்கும் சமயமாகப் பார்த்துத் தேதி வாங்குங்கள்.