கார்பன் ஃபில்டர் சேர்த்தால் நைட்ரேட் போகுமா?

நண்பரே, பண்ருட்டி பக்கம் உங்கள் குடியிருப்பில் இரும்பு நீக்கும் ஃபில்டரும் குளோரினும் ஏற்கெனவே இருக்கின்றன, போர் தண்ணீரில் நைட்ரேட் 70 வருகிறது, கார்பன் சேர்த்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. நைட்ரேட் முழுக்கக் கரைந்திருப்பது. மணலிலோ கார்பனிலோ நிற்காது. கொதிக்க வைத்தால் அளவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க இப்போதைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்.

அந்த 70 நைட்ரேட்டா, நைட்ரேட்-நைட்ரஜனா (அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டது) என்று லேபில் கேளுங்கள். நம் தர வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட், நைட்ரஜன் கணக்கில் அது ஏறக்குறைய 10தான்.

நைட்ரேட் என்றே வைத்துக்கொண்டால், அயனிப் பரிமாற்ற ரெசின் தொட்டி பொருந்தும். ரெசின் என்பது நைட்ரேட்டைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் குளோரைடை விடும் சிறு மணிகள். இடம்தான் முக்கியம்: இரும்பு ஃபில்டருக்குப் பின், குளோரினுக்கு முன். இரும்பு ரெசினை அடைக்கும், குளோரின் அரிக்கும். எல்லாத் தண்ணீரையும் அதில் விட வேண்டாம். ரெசினிலிருந்து வரும் தண்ணீரில் நைட்ரேட் 10 மி.கி. இருந்தால், 60 சதவீதத்தை அதில் விட்டு மீதியை நேரே கலந்தாலே 34க்கு வந்துவிடும்.

சாதாரண ரெசின் சல்பேட்டைத்தான் முதலில் பிடிக்கும். ரெசினை உப்புநீரால் கழுவிப் புதுப்பிக்க நாள் தாண்டினால், பிடித்த நைட்ரேட்டை மொத்தமாகத் திருப்பித் தள்ளிவிடும். அப்போது உள்ளே போனதைவிட வெளியே வருவது அதிகம்! நைட்ரேட்டுக்கென்றே உள்ள ரெசின் கேளுங்கள், விலை கூடத்தான்.

அப்புறம் கழிவு உப்புநீர். அதை முந்திரித் தோப்பில் விட்டால் மண் கெடும், நைட்ரேட்டும் திரும்ப நிலத்தடிக்கே போகும். அதற்கு வழி தெரியாமல் விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். சல்பேட் அளவையும் இங்கே போடுங்கள், தொட்டி அளவு பார்த்துச் சொல்கிறேன்.