பேடாவின் பயணக் கூலி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் ஆற்காடு. கணவரின் வேலைக்காக ஏழு வருடமாக ஷார்ஜாவில் இருக்கிறோம். 2024 ஏப்ரல் மழையில் ஊரே மிதந்தபோது, எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் நனைந்து கிடந்த ஒரு நாய்க்குட்டியை என் மகள் தூக்கி வந்தாள். நிறத்தைப் பார்த்ததும் எங்கள் ஊர் மக்கன் பேடா ஞாபகம் வந்து, பேடா என்றே பெயர் வைத்துவிட்டாள். இப்போது கணவரின் கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் வேலூருக்குத் திரும்ப வேண்டும். பேடாவைக் கூட்டிவர ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்கிறார் ஏஜெண்ட். கையில் அவ்வளவு இல்லை. இணையத்தில் உதவி கேட்டு ஒரு வேண்டுகோளும், மகள் அழுதபடி பேசிய வீடியோவும் போட்டோம். பணம் கொஞ்சம்தான் வந்தது, திட்டு நிறைய வந்தது. "வேலூரில் தெருவுக்குப் பத்து நாய் கிடக்கிறது, இதில் வெளிநாட்டிலிருந்து ஒன்றா?" என்கிறார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா "ஆவிற்கு நீர்" குறளை அனுப்பி, மாட்டுக்குத் தண்ணீர் கேட்பதையே இழிவு என்றார் வள்ளுவர், நீ நாய்க்குப் பணம் கேட்கிறாய் என்று எழுதியிருந்தார். நாங்கள் செய்வது தவறா? வேண்டுகோளை இணைத்திருக்கிறேன். எப்படித் திருத்தலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

க., ஷார்ஜா

அன்புள்ள க.,

ஒரு குடும்பம் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது, அதில் யார் யார் சேர்த்தி, யாரை விட்டுவிடலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி கொஞ்ச நாளாகவே என்னைக் குடைந்துகொண்டிருந்தது. உங்கள் கடிதம் நேராக அங்கேதான் வந்து நின்றது. அதனால்தான் பதிலைத் தள்ளிப்போட முடியவில்லை.

பெரியப்பாவின் குறளை முதலில் முடித்துவிடலாம். அது இரவச்சம் அதிகாரத்தில் வருவது. அதற்கு முந்தைய அதிகாரம் இரவு, அதாவது கேட்டு வாங்குதல். அது தொடங்குவதே, கேட்கத் தகுந்தவரைக் கண்டால் கேள், அவர் ஒளித்தால் பழி அவருக்குத்தான், உனக்கில்லை என்று. தமிழாசிரியருக்கு இது தெரியாமல் இருக்காது. அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் கோபம் நாய்மீது இல்லை. தம்பி மகள் ஊர் முன்னால் கை நீட்டும்படி ஆகிவிட்டதே என்ற வருத்தம் அது, அதில் உங்கள்மீது இருக்கிற பாசமும் கலந்திருக்கிறது.

ஆனால் உங்களைத் திட்டுகிற மற்ற வேலூர்க்காரர்களை அப்படி விட முடியாது. கேட்டு வாங்கிய காசில் எழுந்த ஊர் இது. இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர், இங்கே பெண்களுக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று அமெரிக்காவில் போய்க் கேட்டார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை அந்தப் பணத்தில் வந்தது. அவர் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனையின் வாசலில் டீ குடித்துக்கொண்டு ஒருவர், பணம் கேட்பது கேவலம் என்று போனில் தட்டுகிறார் என்றால், அவருக்குத் தன் ஊரே தெரியவில்லை. மருத்துவமனையும் நாயும் ஒன்றா என்று உடனே கேட்பார்கள். ஒன்றல்ல. கேட்பது கேவலமா என்பதுதான் இங்கே பேச்சு, அதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது.

இனி அந்தத் "தெருவுக்குப் பத்து நாய்" பேச்சு. இதை நான் லேசில் விடப்போவதில்லை.

பேடாவை ஷார்ஜாவிலேயே விட்டுவிட்டு வந்து, சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு குட்டியை எடுத்து வளர்த்தால் கணக்கு நேராகிவிடும் என்கிறார்கள். எந்தக் கணக்கு? உங்கள் மகள் வரும் சத்தம் கேட்டுக் கதவருகே போய் நிற்பது பேடாதான். அது உங்கள் வீட்டில் வளர்ந்தது, அதன் சாப்பாட்டு நேரமும் தூங்கும் இடமும் பயப்படும் சத்தங்களும் உங்களுக்குத் தெரியும், உங்களுடைய வாசனை அதற்குத் தெரியும். ஒரு நாய் போனால் இன்னொரு நாய் என்பது வளர்க்காதவர்களின் பேச்சு. "நாய் எங்கே விட்டாலும் பொழைச்சுக்கும்" என்பார்கள் அடுத்து. 45 டிகிரி வெயிலில், வீட்டுக்குள் வளர்ந்த ஒரு பிராணி எங்கே போய்ப் பிழைக்கும்? சரி, அதே பணத்தில் எத்தனை தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. அதைக் கேட்க மாநகராட்சி வாசலில் போய் நிற்கட்டும். ஒரு குழந்தையின் நாய்க்கு வந்த பயணப் பணத்தை எடுத்து அந்தக் குழியை அடைக்க வேண்டியதில்லை. தெருநாய்க்கு ஒரு வேளை சோறு வைத்திருப்பவர் யாரும் உங்களிடம் இப்படிப் பேசியிருக்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன். அவருக்கு அந்தப் பத்து நாய்களையும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும்.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி, கவுண்டன்ய மகாநதியில் வெள்ளம் வந்து குடியாத்தத்தில் கரையோர வீடுகளைக் காலி செய்தார்கள். பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து ஒன்பது பேர் செத்ததும் அதே மாதத்தில்தான். ஊரே பயந்திருந்தது. சொந்தக்காரர் வீட்டுக்குப் பால், ரொட்டி கொடுக்கப் போயிருந்தேன். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு பாட்டி வீட்டை விட்டு வர மறுத்து உட்கார்ந்திருந்தார். திண்ணை வரை தண்ணீர். மடியில் ஒரு செவலை நாய், கிழம், பின்கால் இழுக்கும். கூட்டிப்போக வந்த ஆட்கள், பள்ளிக்கூடத்தில் நாயை விடமாட்டார்கள், அதை விட்டுவிட்டு வா என்கிறார்கள். பாட்டி அவர்களைத் திட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை. "இது எங்கூட கீது. இது இங்க இருந்தா நானும் இங்கியே கீறேன், நீ போ நைனா" என்றார். அவ்வளவுதான். வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், பிடிவாதக் கிழவி என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "அந்தப் பாட்டி புருஷன் செத்தப்ப ராத்திரி முழுக்கக் கூட இருந்தது அந்த நாய்தான், நாம யாரும் போகலை" என்று சொன்ன பிறகுதான் பேச்சு நின்றது. கடைசியில் தறி ஓட்டும் பையன்கள் இரண்டு பேர் நாயை நூல் மூட்டை கட்டும் கோணியில் தூக்கிக்கொண்டார்கள். பாட்டி அவர்கள் பின்னாலேயே எழுந்து வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் நாய்க்கு இடம் கிடைத்தது, பாட்டியும் அறைக்குள் போகாமல் அங்கேயே படுத்துக்கொண்டார். யாருக்கும் ஒரு கஷ்டமும் வரவில்லை.

இதைப் பாசம் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. நாயை விடச் சொன்னால் ஆளும் வராது, ஆள் அங்கேயே செத்துப்போகும். 2005-ல் கத்ரீனா புயலில் அமெரிக்காவில் இதுவே பெரிய அளவில் நடந்தது, வீட்டு விலங்கை விட்டுவிட மனமில்லாமல் பலர் வெள்ளத்திலேயே தங்கினார்கள். அதற்குப் பிறகுதான் 2006-ல், பேரிடர்த் திட்டங்களில் வீட்டு விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டமே போட்டார்கள். நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2022-ல், போர் நடந்த உக்ரைனிலிருந்து திரும்பிய நம் மாணவர்களில் சிலர் நாயையும் பூனையையும் விட்டு வரமாட்டேன் என்று நின்றார்கள். மத்திய அரசு ஒருமுறைச் சலுகையாக விதியைத் தளர்த்தி அவற்றையும் உள்ளே விட்டது. குண்டு விழுகிற ஊரிலிருந்து வந்த பிள்ளைகளிடம், இங்கே தெருவில் நாய் இல்லையா என்று அரசாங்கம்கூடக் கேட்கவில்லை.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள்மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது.

அந்த வீடியோவை இன்றைக்கே எடுங்கள். பிள்ளை அழுவதைப் படம் பிடித்துக் காசு கேட்பது உங்களுக்கு எப்படித் தோன்றியது? அவள் நாளைக்கு வேலூரில் ஏதாவது ஒரு பள்ளியில் சேரப்போகிறாள். வகுப்பில் ஒரு பிள்ளை அந்த வீடியோவைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், வருடம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். நாயைக் காப்பாற்றப் பெண்ணை ஊர் முன்னால் நிறுத்திவிட்டீர்கள். அப்புறம், "நாங்கள் விட்டுவிட்டு வந்தால் பேடாவைக் கொன்றுவிடுவார்கள்" என்று வேண்டுகோளில் எழுதியிருக்கிறீர்கள். யார் கொல்வார்கள், எப்படித் தெரியும்? தெரியாததை எழுதினால், தெரிந்த உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். விட்டு வர எங்களால் முடியாது என்று மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது கணக்கு. "விமானச் செலவு 1,75,000" என்று ஒற்றை வரி போட்டிருக்கிறீர்கள். 22 கிலோ நாய்க்கு இவ்வளவா என்று படிக்கிறவர் கேட்கத்தான் செய்வார். நாய் சரக்காக வரும்போது, அதன் எடையைவிடக் கூண்டின் அளவுதான் கூலியைத் தீர்மானிக்கிறது. கூண்டின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள், வருகிற எண் உண்மை எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். 100, 65, 75 என்று ஒரு கூண்டு இருந்தால் 81 கிலோ வருகிறது. உங்கள் பேடா 22 கிலோ, கட்டுவது 81 கிலோவுக்கு. இதை எழுதுங்கள், பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

கூண்டை ஏஜெண்ட் சொன்னபடி வாங்காமல் நீங்களே டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம். நிமிர்ந்து நிற்கும்போது தலையோ காது நுனியோ கூண்டின் மேற்புறத்தில் தட்டக்கூடாது. இதைவிடச் சின்னதாக இருந்தால் விமான நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள், தேவைக்கு மேல் பெரிதானால் காசு வீண். மயக்க மருந்து கொடுத்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மேலே போகும்போது மூச்சுக்கு ஆபத்து. கூண்டை இப்போதே வாங்கி, கதவைத் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சோறு வையுங்கள். கிளம்பும் நாளில் பேடாவுக்கு அது பழகிய இடமாக இருக்கும்.

இந்தியாவுக்குள் வர விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையில்லாச் சான்று முன்கூட்டியே வேண்டும். அதன் நிலையம் சென்னையில் இருக்கிறது, நீங்கள் சென்னைக்கே வரலாம், டெல்லி சுற்ற வேண்டியதில்லை. வெறிநாய்த் தடுப்பூசி போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், பேடாவின் தோலுக்கடியில் வைத்த அடையாளச் சிப்பின் எண்ணும் தடுப்பூசி அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடிமாறி வருகிறவர்களுக்குத்தான் 2013 சுங்கச் சுற்றறிக்கையின்படி இரண்டு வளர்ப்புப் பிராணி வரை கொண்டுவர அனுமதி. நீங்கள் ஏழு வருடம் இருந்தவர்கள், அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் "நீங்க முதல்ல போங்க, நாயை அப்புறம் அனுப்பறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், எந்த விதியில் அனுப்புவார் என்று எழுத்தில் வாங்குங்கள். வெயில் காலத்தில் அந்தப் பக்கத்து விமானங்கள் பிராணிகளை ஏற்க மறுப்பதுண்டு. இரவு விமானமாகப் பாருங்கள், தேதியை இந்த வாரமே பேசிவிடுங்கள்.

கூண்டு, சரக்குக் கூலி, சான்றிதழ்கள், ஏஜெண்ட் கமிஷன், சென்னையிலிருந்து வேலூருக்கு வண்டி என்று தனித்தனியாக எழுதி, வந்த பணம் எவ்வளவு, இன்னும் வேண்டியது எவ்வளவு என்று வாரம் ஒருமுறை போடுங்கள். மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். முதல் பிரதியைப் பெரியப்பாவுக்கு அனுப்புங்கள். இரவு அதிகாரம் படித்தவர், கணக்கைப் பார்த்தால் அவரே ஏதாவது கொடுப்பார்.

வீடியோவை எடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். சரக்குக் கூலியில் என் பங்கை அனுப்புகிறேன்.