வழியாமல் நிரப்ப வழி உண்டா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், பாட்டில், மூடி, பம்ப் ஆகியவற்றுக்கு வடிவம் வரைவதை இருபத்தொரு வருடமாகத் தொழிலாகச் செய்பவர்.

கேள்வி: பயணம் போகும்போது ஷாம்புவைப் பெரிய பாட்டிலிலிருந்து சின்ன பாட்டிலுக்கு மாற்றுகிறேன். புனல் வைத்து ஊற்றினாலும் பாதியில் நின்றுவிடுகிறது. அப்புறம் குபுக்கென்று பொங்கி வெளியே வழிகிறது. கோளாறு என் கையிலா, பாட்டிலிலா?

உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை. காலி பாட்டில் என்று நாம் சொல்வது காற்று நிறைந்த பாட்டில். உள்ளே 50 மில்லி ஷாம்பு போக வேண்டுமென்றால் 50 மில்லி காற்று வெளியே வந்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வாசல்தான். புனலின் காம்பு கழுத்தில் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் அந்த வாசலும் அடைபட்டுப் போகிறது. ஷாம்பு மேலே நிற்க, காற்று கீழே அமுங்கிக் கிடக்கிறது. ஒரு கட்டத்தில் அது முட்டிக்கொண்டு பெரிய குமிழாக மேலே வருகிறது. அந்தக் குமிழ் உடைந்து தெறித்ததைத்தான் நீங்கள் துடைக்கிறீர்கள்.

புனலை நெல்மணி அளவு தூக்கிப் பிடியுங்கள், போதும். இல்லையென்றால் புனலுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு ஸ்ட்ராவைச் செருகிவிடுங்கள், காற்று அதன் வழியாகப் போய்விடும். நல்ல புனல்களின் காம்பில் வெளிப்பக்கம் நீளவாக்கில் சின்ன வரம்புகள் இருக்கும். பார்த்தால் அலங்காரம் மாதிரி தெரியும்; அவை காற்றுக்கு விட்ட சந்து. புனலே இல்லாவிட்டால் சின்ன பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து உள்சுவரை ஒட்டி மெல்லிசாக ஊற்றுங்கள். ஷாம்பு ஒரு பக்கம் இறங்கும், காற்று மறு பக்கம் ஏறும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் முதன்முதலில் வரைந்த பயண பாட்டிலின் வாய்த் துளை 4 மில்லிமீட்டர். அளவாக, சொட்டுச் சொட்டாக வர வேண்டும் என்ற ஒரே நினைப்பில் வரைந்தேன். மாதிரி வந்த அன்று ஆசையாகத் தண்ணீர் ஊற்றினேன். துளையின் மேல் முத்து மாதிரி உருண்டு உட்கார்ந்துகொண்டது. தட்டினேன், குலுக்கினேன், இறங்கவே இல்லை. தண்ணீரின் மேற்பரப்பு தோல் மாதிரி இறுகி நிற்கும் பரப்பு இழுவிசைக்கு அவ்வளவு பலம்: சுமார் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான துளையில் தண்ணீரும் காற்றும் தாமாக இடம் மாறிக்கொள்ளாது. வெளியே விடுவதை மட்டும் யோசித்த நான், உள்ளே நிரப்பப்போகிறவரை யோசிக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் பாட்டிலை வரைந்தாலும் காற்றுக்கான வழியைத்தான் முதலில் வரைகிறேன்.

கேள்வி: மைப் பேனாவில்தான் எழுதுவேன். ஒவ்வொரு தடவை மை நிரப்பும்போதும் விரலெல்லாம் மை. கை கறைபடாமல் நிரப்பும் பேனாவை யாருமே யோசிக்கவில்லையா?

யோசித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பொருள், ஒரு மில்லிக்கு முன்பின்னாகத்தான் கொள்ளும், அடிக்கடி நிரப்ப வேண்டும், உள்ளே இருப்பதோ கறைபடுத்தும் திரவம். எங்கள் தொழிலின் எல்லாச் சிக்கலும் ஒரு பேனாவுக்குள் அடக்கம்.

விரல் ஏன் கறையாகிறது என்று பாருங்கள். நிப்பும் அதற்கு மேலே விரல் பிடிக்கும் கழுத்தும் மைக்குள் முங்குகின்றன. எழுதும்போது பிடிக்கிற அதே இடம். ஷீஃபர் நிறுவனம் 1952-இல் கொண்டுவந்த ஸ்நார்கல் பேனாவில் பின்பக்கக் குமிழைத் திருகினால் நிப்பின் அடியிலிருந்து ஊசி போன்ற குழாய் ஒன்று வெளியே நீளும். அது மட்டும் மையைத் தொட்டால் போதும். மை உறிஞ்சியதும் திருப்பித் திருகினால் உள்ளே போய்விடும். நிப் நனையவே நனையாது, துடைக்க வேண்டிய வேலையும் இல்லை. அதற்கு விலையாக உள்ளே ஏகப்பட்ட உதிரிபாகங்கள்.

நான்கு வருடம் கழித்து, 1956-இல், பார்க்கர் 61 வேறு பக்கத்திலிருந்து வந்தது. பேனாவின் பின்பகுதியைக் கழற்றி, உள்ளே மை தேங்கும் கூட்டைத் தலைகீழாக மைப்புட்டியில் நிறுத்திவிட வேண்டும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி நுண்துளைகள் மையைத் தாமே மேலே இழுத்துக்கொள்ளும். கூட்டின் வெளிப்புறம் டெஃப்லான் பூச்சு. மை ஒட்டாமல் வழுகிப் புட்டிக்கே திரும்பிவிடும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் மை உலர்ந்துபோனால் அந்த நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும், கழுவி எடுப்பது பெரும்பாடு. எனக்கு இதில் உறுத்துவது அதுதான். நிரப்பும்போது சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, கழுவவும் வர வேண்டும்.

உங்களிடம் இருப்பது சாதாரணப் பேனாவாகத்தான் இருக்கும். நிப்பை முக்காமல், பேனாவைத் திறந்து உள்ளே இருக்கும் மைக்குழலைத் தனியே கழற்றி, ஊசி முனை மழுங்கிய சிரிஞ்சால் நிரப்பிப் பாருங்கள். ஊசியின் நுனி குழலின் அடியைத் தொட வேண்டும். மை அடியிலிருந்து ஏற, காற்று ஊசியைச் சுற்றி வெளியேறிவிடும்.

கேள்வி: வடிவமைப்பு படிக்கிறேன். மறுபடி மறுபடி நிரப்பக்கூடிய கையடக்க ஸ்ப்ரே ஒன்று வரைகிறேன். அகல வாய் வைப்பதா, அடியில் வால்வு வைப்பதா?

உள்ளே என்ன போகப்போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொல்லாமல் வாயை வரைய முடியாது. வாசனைத் திரவியம் மாதிரி நீர்த்த திரவம் என்றால் அடி வால்வு அருமையான ஏற்பாடு. பெரிய பாட்டிலின் ஸ்ப்ரே தலையை உருவிவிட்டு, மேலே நீட்டியிருக்கும் காம்பில் உங்கள் குப்பியின் அடியை வைத்து அழுத்தினால் நேராக உள்ளே ஏறும். வெளிக்காற்றில் படுவதே இல்லை, ஒரு சொட்டு சிந்தாது. உள்ளே இருக்கும் காற்று தப்பிக்க மட்டும் தனியாக ஒரு நுண்வழி விட்டுவிடுங்கள். ஆனால் லோஷன், ஷாம்பு என்றால் அடி வால்வு வேண்டாம். கெட்டியாகி உள்ளே உட்கார்ந்துகொண்டால் கழுவ விரலும் போகாது, தூரிகையும் போகாது. அதற்கு அகல வாய்தான்.

அகல வாய் என்று முடிவெடுத்தால் உதட்டைக் கவனியுங்கள். உருண்டையான உதட்டில் திரவம் ஒட்டிக்கொண்டு வெளிச்சுவர் வழியாக இறங்கும். மெதுவாக ஊற்ற ஊற்ற இன்னும் மோசம். இதற்கு டீபாட் விளைவு என்று பெயர் சூட்டி மார்க்கஸ் ரைனர் 1956-இல் எழுதினார். கூர்மையான விளிம்பு இருந்தால் திரவம் அங்கேயே அறுந்துவிடும். நகத்தால் தடவினால் அந்த விளிம்பு தட்டுப்பட வேண்டும்.

துணி துவைக்கும் திரவ பாட்டில் ஒன்றைத் திறந்து மேசையில் வைத்துப் பாருங்கள். நடுவே ஊற்றும் மூக்கு, அதைச் சுற்றி ஒரு அகழி. அகழியின் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், சரிவின் முடிவில் ஒரு பிளவு. மூக்கிலிருந்து வழிவது அகழியில் விழுந்து அந்தப் பிளவு வழியாகப் பாட்டிலுக்கே திரும்புகிறது. மூடியில் ஒட்டியிருப்பதும் அப்படித்தான். வழிவதைத் தடுக்க முடியாத இடத்தில் வழிந்ததற்குப் போக்கிடம் கொடுத்திருக்கிறார்கள். மூடி திருகும் மரைக்குத் திரவம் வரவே விடவில்லை. மரையில் காய்ந்து பொருக்கானால் மூடி அதன் மேல் ஏறி உட்காரும், வாஷர் பதியாது, பையெல்லாம் கசியும்.

இன்னொன்று. எதுவரை ஊற்ற வேண்டும் என்று காட்டும் நிரப்புக் கோட்டைத் தோளுக்கு, அதாவது பாட்டில் கழுத்தாகக் குறுகும் இடத்துக்கு, கீழே போடுங்கள். பம்பின் உடலும் அதன் குழாயும் உள்ளே இறங்கும்போது தங்களுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கழுத்து வரை நிரப்பியவர் பம்பைச் செருகியதும் கைமேல் வழியும். பெரிய பாட்டிலில் இது தெரியாது. 30 மில்லி குப்பியில் நன்றாகவே தெரியும்.

கேள்வி: சோப்புத் திரவம் பாதி இருக்கும்போதே மேலே ஊற்றி நிரப்புகிறேன். தப்பா?

தப்புதான். சோப்புக்குள் கிருமி வளராது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள்; சூடோமோனாஸ், செராஷியா போன்ற பாக்டீரியாக்கள் அதிலும் வளரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2002-ஆம் ஆண்டு கை சுகாதார வழிகாட்டி, பாதி காலியான சோப்புப் பாட்டிலில் மேலும் ஊற்றாதீர்கள் என்று மருத்துவப் பணியாளர்களுக்கு நேராகவே சொல்கிறது. பழைய மிச்சம் ஒவ்வொரு தடவையும் புதியதற்குத் தொற்றை ஒப்படைத்துக்கொண்டே போகும்.

முழுக்கத் தீர்ந்த பிறகு வெந்நீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். பம்பையும் வெந்நீரில் வைத்துப் பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள், நுரை வருவது நிற்கும்வரை. பாட்டிலைக் கவிழ்த்து வைத்து, பம்பைத் தனியே சாய்த்து உலரவிடுங்கள். கடைசியாக உலர்வது பம்பின் குழாய்தான். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் நிரப்புங்கள்.