இலைப்புள்ளி மனிதருக்குத் தொற்றாது. காய்க்குள் இருக்கும் பச்சைப் பூஞ்சாணம்தான் ஆபத்து

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் மானாவாரியாக நிலக்கடலை பயிரிட்டேன். இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து கொட்டிவிட்டது. கடைசி மூன்று வாரங்கள் மழையும் இல்லை. பறித்துக் குவித்த காய்களில் சிலவற்றை உடைத்தால் உள்ளே பச்சையாகப் பூஞ்சாணம் தெரிகிறது. இந்த நோய் வீட்டாருக்குத் தொற்றுமா? கொடியை மாட்டுக்குப் போடலாமா? சொத்தைக் கடலையைச் செக்கில் ஆட்டிக்கொள்ளலாமா?

பதில்: தாங்கள் பார்த்திருப்பவை இரண்டு வேறு நோய்கள். இலையில் விழுந்தது டிக்கா இலைப்புள்ளி நோய். அது மனிதரையோ மாட்டையோ தொற்றாது. மருந்து தெளித்திருந்தால் டப்பாவில் குறித்துள்ள இடைவெளி நாட்கள் கழிந்தபின், நன்கு உலர்ந்த, பூசணம் பிடிக்காத கொடியைத் தயங்காமல் மாட்டுக்குப் போடலாம்.

காய்க்குள் இருப்பதைத்தான் அஞ்ச வேண்டும். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் மாவு தூவியதுபோல் பருப்பின் மேல் படர்ந்திருந்தால், அது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்னும் பூஞ்சாணமாகவே இருக்கும். மண்ணில் எப்போதும் வாழும் இது, காய் முற்றும் நேரத்தில் நிலம் வறண்டு சூடேறும்போது, வெடித்த ஓட்டின் வழியாகவும் புழு துளைத்த இடத்தின் வழியாகவும் பருப்புக்குள் நுழைந்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கிறது. ஈரத்தோடு குவித்து வைத்த காயில் இது மேலும் பெருகும்.

இந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கும். சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உண்டால் கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும், அதிலும் மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி உடலில் உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்கு. 1974-ஆம் ஆண்டு ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், மழையில் நனைந்து பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றி உண்ட ஏழைக் குடும்பங்களில் காமாலை பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் வீட்டு நாய்களும் மாண்டன.

வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் அழியாது. ஆகவே சொத்தைக் கடலையைச் செக்கில் ஆட்டுவது கூடவே கூடாது. நஞ்சின் பெரும்பங்கு பிண்ணாக்கில் தங்கும், ஒரு பங்கு சுத்திகரிக்காத எண்ணெயிலும் கலந்து வரும். அந்தப் பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலில் ஓரிரு நாளிலேயே நஞ்சின் மாற்று வடிவம் தென்படும். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. அந்தப் பாலைக் குழந்தைகளும் குடிக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

தொற்று பற்றிய தங்கள் கேள்விக்கு வருகிறேன். பூஞ்சாணம் பிடித்த காயைத் தொட்டதால் நோய் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் பரவாது. ஆனால் காய் ஆயும்போது பறக்கும் தூசியில் இதன் வித்துகள் இருக்கும். காசநோயால் நுரையீரல் பழுதுபட்டவர்களும் நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களும் களத்துப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. மற்றவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணில் சருகோ தூசியோ கீறினால் அந்தக் கீறலில் இதே பூஞ்சாணம் வேர்விட்டுக் கருவிழியில் புண்ணை உண்டாக்கக்கூடும். தென்தமிழகக் கண் மருத்துவமனைகளுக்கு இப்படி வருவோரில் உழவர்களே பலர். இலைச்சாறோ தாய்ப்பாலோ விடாதீர்கள், மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து புண்ணை இன்னும் பரப்பிவிடும். அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது குவியலை உடனே கலைத்து, காயை மெல்லியதாகப் பரப்பி, ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காயவையுங்கள். குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் கலகலவென்று ஒலிக்க வேண்டும். பிறகு வெடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது அனைத்தையும் கையால் பொறுக்கி, கோழிக்கும் போடாமல் ஆழக் குழியில் புதைத்துவிடுங்கள். எடை குறையுமே என்று மனம் வலிக்கும், தெரியும். ஆனாலும் ஒரு கைப்பிடி சொத்தை ஒரு மூட்டையையே கெடுக்கப் போதுமானது.

அடுத்த பருவத்தில் விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத்தைக் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள். ஓடு உறுதிப்பட, விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். கிணற்றில் சிறிதேனும் நீர் இருந்தால் அதைக் காய் முற்றும் கடைசி வாரங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.