மகன் பையில் வலி மாத்திரையும் சிரிஞ்சும்

கேள்வி: 19 வயது மகனின் பையில் டேபென்டடால் மாத்திரை அட்டையும் ஒரு சிரிஞ்சும் இருந்தன. "உடம்பு வலிக்குத்தாம்மா" என்கிறான். பத்து நாள் வீட்டுக்குள் பூட்டி வைத்தால் விட்டுவிடுவானா?

பூட்டி வைக்காதீர்கள் அம்மா. டேபென்டடால், மார்பின் போல மூளையில் வேலை செய்யும் ஓபியாய்டு மருந்து. கடும் வலிக்கு மருத்துவர் சீட்டின் பேரில் விழுங்கக் கொடுப்பது. இதற்கு சிரிஞ்ச் எதற்கு? கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. அதற்கு உருவம் கொடுக்க செல்லுலோஸ், டால்க் போன்ற பொடிகளைச் சேர்த்திருப்பார்கள். இவை தண்ணீரில் கரையாது, துணியில் வடித்தாலும் முழுதாக நிற்காது. ரத்தத்தோடு போய் நுரையீரலின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். கையில் நரம்பு கயிறுபோல் தடித்துப்போகும். தவறித் தமனியில் ஏறினால் விரல் கறுத்து அழுகும். ஊசியோடு உள்ளே போகும் கிருமி இதய வால்வில் குடியேறும். அதனால் குளிர்க்காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனையில் ஊசி விஷயத்தை மறைக்காமல் சொல்லி, ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள்.

கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குவது, உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, சட்டையின் முழங்கை மடிப்பில் பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை: இவற்றைக் கவனியுங்கள். கடையில் கிடைக்கும் சிறுநீர் ஸ்ட்ரிப்பை நம்பாதீர்கள். பெரும்பாலும் மார்பின் வகையைத்தான் அது காட்டும். இந்த மாத்திரையைக் காட்டாது.

திடீரென்று நிறுத்தினால் மூக்கொழுகல், ஓயாத கொட்டாவி, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்பைக் குடையும் வலி. முதல் இரண்டு மூன்று நாள் தாங்க முடியாது. இந்த வேதனை தேவையே இல்லாதது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை கொடுத்துத் தணிப்பார்கள். கடைசியாக எப்போது போட்டான் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். போட்ட மருந்து இறங்கத் தொடங்கும் முன்னரே அவசரப்பட்டு இதைக் கொடுத்தால் வேதனை பல மடங்காகும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா போதை மீட்பு உதவி எண்ணில் கேளுங்கள். அரசின் எச்ஐவி பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனையும், கூடவே ஊசி வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றுகளான ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளும் செய்துவிடுங்கள். ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகும்.

பூட்டி வைப்பதில் இருக்கும் பேராபத்து, கதவைத் திறந்த பிறகுதான். பத்து நாளில் உடம்பு அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுபோகலாம். மது, தூக்க மாத்திரை, நரம்பு வலி மருந்தான பிரிகாபலின் சேர்ந்தால் இன்னும் மோசம்.

எழுப்பினால் எழவில்லை, கரகரவென்று குறட்டை, உதடு நீலம், நிமிடத்துக்குப் பத்து மூச்சுக்கும் குறைவு என்றால் உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நின்றுவிட்டால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, 5 விநாடிக்கு ஒருமுறை வாயில் ஊதுங்கள். தண்ணீர், மோர், உப்புக்கரைசல் எதையும் புகட்டாதீர்கள், புரையேறும். மருத்துவமனையில் ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போலாம்" என்பான். அந்த ஊசியின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தணிந்துவிடும், மாத்திரை அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். மருத்துவர் சொல்லும்வரை கூட்டி வராதீர்கள்.