கொடுத்த கண்ணாடியைப் பிள்ளைகள் போடுவதில்லை

இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பள்ளிக் கண் பரிசோதனை முகாமில் இலவசக் கண்ணாடி வாங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் போடுவதில்லை, வேறு நல்ல ஃபிரேமில் மறுபடி கொடுக்கலாமா என்றுதானே கேட்கிறீர்கள்? போடாதவர்களின் பவர் என்ன என்று முதலில் முகாம் பதிவேட்டில் பாருங்கள்.

பலருக்கு மைனஸ் 0.5 போன்ற சின்னப் பவராக இருக்கும் என்பது என் ஊகம். கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் கரும்பலகை ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். அப்புறம் கேலியைச் சகித்துக்கொண்டு யார் போடுவார்கள்? (இவர்களுக்கும் எழுதிக் கொடுத்தால் முகாம் அறிக்கையில் எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.)

தலைமை ஆசிரியரிடம் மட்டும் சொல்லிவிட்டு ஒரு நாள் பள்ளிக்குப் போங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, கடைசி பெஞ்சிலிருந்து கண்ணாடியோடும் இல்லாமலும் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். கண்ணாடியோடு நன்றாகத் தெரிந்தும் போடவில்லையென்றால் ஃபிரேம் வழுக்குகிறதா, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, உடைந்தே போயிற்றா என்று பாருங்கள். கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும் என்று வீட்டில் பயப்படுவதும் உண்டு. அதைப் பெற்றோரிடம் பேசுங்கள், பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். மாறுகண், பிளஸ் பவர், இரண்டு கண்ணுக்கும் பவரில் பெரிய வித்தியாசம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை போதாது. நல்ல கண்ணாலேயோ, கண்ணைச் சிரமப்படுத்தியோ படித்துவிடுவார்கள். சரியாகப் பயன்படாத கண் சோம்பேறிக் கண்ணாகிவிடலாம் (அதாவது, அதன் பார்வை சரியாக வளராமல் போகலாம்), வயது கூடக்கூடச் சரிசெய்வதும் கடினம். அவர்களைக் கண் மருத்துவரிடமே அனுப்புங்கள்.